டீச்சரின் நோட்டில் பெயர் உள்ளவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், சொந்தக்காரர்களுக்கும், நண்பர்களுக்கும், யாரென்றே தெரியாமல் எங்களுக்கு உதவிய எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். நடந்தது என்னவென்று உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். பலர் கூடவே இருந்து பார்த்தீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனசு வரவில்லை.

அந்த நாட்களில் பாதிக்கு மேல் எனக்கு நினைவில் இல்லை. யார் வந்தார்கள், யார் கையைப் பிடித்து ஜெபித்தார்கள், பில் கட்டும் வரிசையில் எனக்குப் பதிலாக யார் நின்றார்கள், ராத்திரி ரத்தம் வேண்டும் என்றபோது யார் யாரைக் கூப்பிட்டார்கள், எல்லாம் கலங்கிக் கிடக்கிறது. அப்படியிருந்தும் இன்று ஒவ்வொருவரையும் நினைத்து நன்றி சொல்ல முடிகிறது என்றால், அதற்குக் காரணம் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி டீச்சர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது சபையில் எல்லோருக்கும் புரியும்.

டீச்சர் முதல் தடவை ஐசியூ வாசலுக்கு வந்தபோது கையில் ஒரு பழைய கோடு போட்ட நோட்டு இருந்தது. முன்பக்கங்கள் கிழிக்கப்பட்டு, மிச்சப் பக்கங்கள் மட்டும் இருந்தன. நோட்டின் முதுகில் நூல் கட்டி அதன் நுனியில் ஒரு பென்சிலைத் தொங்கவிட்டிருந்தார். ஞாயிறு பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும் நோட்டையும் அப்படித்தான் வைத்திருப்பார், பிள்ளைகள் பென்சிலைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. "நேத்து ராத்திரி யார் கூட இருந்தாங்க?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். "காலையில யார் வந்தாங்க?" அதையும் எழுதிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்கு என்று கேட்டேன்.

"நீ இப்ப யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம்மா. சொல்லணும்னு தோணவும் வேண்டாம். அப்புறம் ஒரு நாள் தோணும். அன்னைக்குப் பேரெல்லாம் மறந்து போயிருக்கும். அதான் எழுதி வைக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதன்பிறகு வந்தபோதெல்லாம் அந்த நோட்டோடுதான் வந்தார். என்னைக் கேட்டார், செவிலியரைக் கேட்டார், வாசலில் நின்ற காவலாளியையும் விடவில்லை. நான் பதில் சொல்ல முடியாமல் இருந்த நேரங்களில் சும்மா உட்கார்ந்து, வந்தவர் போனவரைப் பார்த்து அவராகவே எழுதினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதை முழுதாகப் படித்தேன். சில வரிகளை அப்படியே தருகிறேன், சம்பந்தப்பட்டவர்கள் பார்த்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று.

"செவ்வாய் ராத்திரி. நாற்காலியை விட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்த தம்பி. நீலச் சட்டை. பேர் கேட்பதற்குள் போய்விட்டான்."

"லிப்ட் பக்கம் துடைக்கிற அம்மா. தினமும் இவளைப் பார்த்து, இன்னைக்கு எப்படி இருக்கார் என்று விசாரிக்கிறார்."

"பெயர் எழுதாத உறை ஒன்று. கர்த்தருக்குத் தெரியும்."

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்ற வசனத்தைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். அதை ஒருவர் எங்களுக்குச் செய்து காட்டியிருக்கிறார். உறை தந்தவரே, நீங்கள் யாரென்று தேடவில்லை, தேடவும் மாட்டோம். உங்கள் பணம் மிகவும் சரியான நேரத்தில் வந்தது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நோட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். பண உதவி செய்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு இடத்தில்கூடத் தொகை இல்லை. டீச்சரிடம் கேட்டேன். "தொகையை எழுதினா கணக்கு ஆயிடும். கணக்கு ஆயிடுச்சுன்னா அதைத் தீர்க்கத்தான் பார்ப்ப" என்றார். எவ்வளவு சரியான வார்த்தை! எங்களுக்குத் தந்தவர்களில் வசதியானவர்களும் உண்டு, மாதக் கடைசியைத் தள்ளவே திணறுகிறவர்களும் உண்டு. மாற்கு 12ஆம் அதிகாரத்தில் இயேசு காணிக்கைப்பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து ஜனங்கள் பணம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐசுவரியவான்கள் நிறையப் போடுகிறார்கள். ஒரு ஏழை விதவை இரண்டு காசு போடுகிறாள். எல்லோரையும்விட அவள்தான் அதிகம் போட்டாள் என்கிறார். தொகையை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு எப்படியும் ஒத்து வராது. அவர் பார்த்தது அவளுக்கு மிச்சம் என்ன இருந்தது என்பதை. டீச்சரின் நோட்டில் எல்லோரும் ஒரே அளவு எழுத்தில், ஒருவர் கீழ் ஒருவராக இருக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வாசலில் உட்கார்ந்திருந்தபோது, டீச்சர் பெயர்களை எழுதுவதைப் பார்த்து எனக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. எனக்கோ ஜெபிக்க வாய் வரவில்லை. டீச்சர் ஒருத்தர் மட்டும், பின்னால் நன்றி சொல்லப்போகும் நாளுக்காக இப்போதே ஆயத்தம் செய்கிறாரே, அப்படியானால் என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொள்வார் என்று அவருக்குத் திட்டமாகத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். லாசருவின் கல்லறையில் இயேசு அப்படித்தானே செய்தார்? இறந்துபோன லாசரு உயிரோடு வெளியே வருவதற்கு முன்பே, கல்லை எடுத்துப்போட்டதும், "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார். டீச்சரின் விசுவாசமும் அந்த மாதிரி என்று எண்ணி, அந்த நோட்டையே பிடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"இல்லம்மா. அவர் பிழைப்பார்னு எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரர் போனப்ப எத்தனையோ பேர் ஓடி ஓடிச் செஞ்சாங்க. ஒருத்தருக்கும் நான் ஒழுங்கா நன்றி சொன்னதில்ல. வருஷம் கழிச்சு நினைச்சுப் பார்த்தா முகம்தான் ஞாபகம் வருது, பேரு வரல. அவர் இருந்தாலும் போனாலும் இந்த ஜனங்க வந்தது உண்மை. கர்த்தர் அனுப்புனது உண்மை. அது மறந்து போகக் கூடாதுன்னுதான் எழுதுனேன்."

எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த வாசலில் எங்களோடு காத்திருந்த குடும்பங்களில் எல்லோரும் தங்கள் ஆளோடு வீடு திரும்பவில்லை. எங்களுக்குப் போர்வை தந்த குடும்பம் அப்படிப்பட்ட ஒன்று. தங்களுக்கே கஷ்டம் தலைக்கு மேல் இருக்கும்போது எங்களைப் பார்த்தார்கள். பவுல் மக்கெதோனியா சபைகளைப் பற்றி எழுதும்போது, மிகுந்த உபத்திரவத்திலும் கொடிய தரித்திரத்திலும் இருந்தவர்கள், எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகத் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள், எங்கள் உதவியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொண்டார்கள் என்கிறார். அந்த அக்கா போர்வையை என் மடியில் வைத்துவிட்டு, "வேண்டாம்னு சொல்லாதீங்க" என்றது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அவர்கள் ஜெபமும் எங்கள் ஜெபமும் ஒரே தேவனிடம்தான் போனது. அவர்கள் விசுவாசம் எங்களுடையதைவிடக் குறைந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனால் இவர் பிழைத்ததை எங்கள் விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசாகத் தயவுசெய்து யாரும் பேச வேண்டாம். இது முழுக்க கிருபை. ஆபகூக் தீர்க்கதரிசி, அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், மந்தையில் ஆடுகள் இல்லாமற்போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று பாடினார். டீச்சர் அந்த இடத்தில் நின்றுதான் பென்சிலைப் பிடித்திருக்கிறார். நான் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. போகும் வழி எது என்று பார்த்துவிட்டேன்.

இப்போதெல்லாம் ரோமர் 16ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முன்பு பெயர்ப் பட்டியல்தானே என்று வேகமாகத் தாண்டிப் போகிற அதிகாரம் அது. கி.பி. 57 வாக்கில் கொரிந்துவிலிருந்து எழுதிய நிருபம் என்று சொல்வார்கள். பவுல் அதுவரை ரோமாபுரிக்குப் போனதில்லை. ஆனாலும் அங்கே இருக்கிறவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பேர் சொல்லி வாழ்த்துகிறார். தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்த பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், மிகவும் பிரயாசப்பட்ட மரியாள், ரூபு என்பவருடைய தாய். அந்தத் தாயை, எனக்கும் தாய் என்கிறார் பவுல். அந்தத் தாய் பவுலுக்கு என்ன செய்தார் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. எனக்கு இப்போது ஓரளவு தெரியும் போலிருக்கிறது. அதே அதிகாரத்தில் திடீரென்று இன்னொரு குரல் வருகிறது: "இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான் கர்த்தருக்குள் உங்களை வாழ்த்துகிறேன்." பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர். வேதத்தில் வேறெங்கும் அவர் பெயர் வருவதில்லை. அவர் கை எழுதியதால்தான் அந்தப் பெயர்கள் நமக்குக் கிடைத்தன. டீச்சர், நீங்கள் எங்கள் வீட்டுத் தெர்தியு. பேர் போடவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மற்ற எல்லோருக்கும்: ரத்தம் கொடுத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு அனுப்பியவர்கள், ராத்திரி முறை போட்டுக் கூட இருந்த வாலிபர்கள், உபவாசித்து ஜெபித்த பெண்கள் ஐக்கியம், போதகர் ஐயாவும் அம்மாவும், இவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலக நண்பர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், தூரத்திலிருந்து பணமும் ஜெபமும் அனுப்பியவர்கள், எல்லோரும் நோட்டில் இருக்கிறீர்கள். இவர் நன்றாக நடக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு வீடாக வருவோம். இந்த மடல் அதற்குப் பதில் ஆகாது.

நோட்டில் இன்னும் பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம். இனி சபையிலோ அக்கம்பக்கத்திலோ யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் எங்களுக்கு உடனே சொல்லுங்கள், தயங்க வேண்டாம். வியாழன், வெள்ளி இரவுகளில் நான் வந்து கூட இருக்க முடியும். வேண்டுமானால் பேசுவேன், வேண்டாம் என்றால் பேசாமல் இருப்பேன். யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதி, அந்தப் பக்கங்களைப் பிற்பாடு உங்களிடமே தந்துவிடுவேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் சகோதரி