மிகையும் குறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனச்சிதைவு நோய் பற்றிய தங்கள் கட்டுரையில், காதில் குரல் கேட்பதையும், யாரோ தன்னைக் கொல்லச் சதி செய்வதாக நம்புவதையும் ‘நேர்மறை அறிகுறிகள்’ என்று குறித்திருந்தீர்கள். அதைப் படித்த எங்கள் உறவினர் ஒருவர், “நேர்மறை என்றால் குணமாகி வருகிறது என்றுதானே பொருள்?” என்று என்னிடம் கேட்டார். 20 ஆண்டுகளாக இந்நோயோடு இருக்கும் என் தம்பியை மனத்தில் வைத்தே அவர் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இயல்பில் இல்லாத ஒன்று வந்து சேர்வதை ஒரு பிரிவாகவும், இயல்பாக இருக்க வேண்டியது மங்கிப்போவதை இன்னொரு பிரிவாகவும் மருத்துவர்கள் கொள்வதால், மிகை அறிகுறி, குறை அறிகுறி என்று எழுதினாலே போதும்.

சிக்கல் சொல்லோடு முடியவில்லை. இந்நோயின் அறிகுறிகளின் கடுமையை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், 1987இல் வெளியான ‘பான்ஸ்’ அளவுகோலில் 30 கூறுகள் உள்ளன: மிகை 7, குறை 7, பதற்றம், மனச்சோர்வு முதலான பொது அறிகுறிகள் 16. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் தருவார்கள். அறிகுறி இல்லையென்றாலும் 1 உண்டு என்பதால் யாருக்கும் 30க்குக் கீழே போகாது. ஆகவே 100இலிருந்து 65க்கு இறங்கியவருக்கு 35 விழுக்காடு முன்னேற்றம் என்ற தங்கள் கணக்கு தவறு. இரண்டிலும் 30ஐக் கழித்தால், 70 என்பது 35 ஆகியிருக்கிறது, அதாவது சரிபாதி.

கூட்டுத்தொகை மட்டும் பார்த்தால் எது குறைந்தது, எது அப்படியே நிற்கிறது என்பது தெரியாது. மாத்திரையால் தம்பிக்குக் குரல்கள் அடங்கின. நல்ல முன்னேற்றம் என்றார்கள். ஆனால், மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் அக்கம்பக்கத்துப் படகுகளின் கிழிந்த வலைகளையெல்லாம் தானே கேட்டு வாங்கிச் சரிசெய்து கொடுத்தவன், இன்று வலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் அதற்குப் பெயர் சோம்பல். இந்தக் கடற்கரையில், சத்தம் போடுகிறவரை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போவார்கள். பேசாமல் இருப்பவரை யாரும் எங்கும் அழைத்துப் போவதில்லை. குறை அறிகுறிகளில் ஒன்றான ‘நாட்டமின்றி ஒதுங்கியிருத்தல்’ என்ற கூறுக்கு, குடும்பத்தாரோ பராமரிப்பவரோ சொல்வதைக் கேட்டே மதிப்பெண் இட வேண்டும் என்று அந்த அளவுகோலே சொல்கிறது. நாங்கள் சென்ற மருத்துவமனையிலோ, கதவுக்கு வெளியே நின்ற என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

சொல்லின் நேர்ப்பொருளைத் தாண்டிச் சிந்திக்க முடிகிறதா என்று பார்க்க, பழமொழிக்குப் பொருள் கேட்பதும் அந்த அளவுகோலில் உண்டு. கடலில் கரைத்த பெருங்காயம் என்றால் என்ன என்று ஒருநாள் நானே தம்பியிடம் கேட்டேன். “மீனெல்லாம் நாறிப் போகும்” என்றான். கடலுக்குப் போன குடும்பத்தில் இதை நோய் என்பதா, தொழில் என்பதா?

ஒதுங்கியிருப்பதெல்லாம் நோயின் நேரடிக் குறையாகவும் இராது. மருந்தின் பக்கவிளைவாக உடல் இறுகியிருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், குரல்களுக்குப் பயந்து ஒளிந்திருக்கலாம். காரணத்துக்கேற்ப மருத்துவமும் மாறும் என்பதால் பிரித்துப் பார்ப்பது அவசியம். பேச்சும் சிந்தனையும் கோவையற்றுப் போவதை மூன்றாவது தொகுதியாகப் பிரிக்கும் ஆய்வுகளும் 1987 முதலே வந்துள்ளன. தம்பியின் பழைய மருத்துவச் சீட்டில் உள்ள ‘பாரனாய்டு’ (வீண் சந்தேகம் மேலோங்கிய வகை) போன்ற உட்பிரிவுகளை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் கைவிட்டுவிட்டது. தங்கள் கட்டுரை இன்னும் அவற்றையே பட்டியலிடுகிறது.

திருத்தம் வெளியிடும்போது, அந்த ஏழு குறை அறிகுறிகளையும் வீட்டார் கண்டுகொள்ளும்படி விளக்கி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.