பயோஃபீட்பேக் பயிற்சிக்கு இடம் தேவை

ஆசிரியருக்கு,

மன அழுத்தத்தைக் குறைக்கும் வழிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, மருந்து, நடைப்பயிற்சி, தூக்கம் ஆகியவற்றை விரிவாகப் பேசிவிட்டு, பயோஃபீட்பேக் முறையை ஒரே வரியில், அதுவும் ஏதோ கருவி விற்பனைச் செய்தி போலக் கடந்து சென்றுவிட்டது. அழுத்தம் மிகும்போது விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் குளிர்வதையும், தசைகள் இறுகுவதையும், இதயத் துடிப்பு விரைவதையும் உணரிகளால் அளந்து உடனுக்குடன் திரையில் காட்டுவதே இம்முறை. அதைப் பார்த்து மூச்சையும் தசைகளையும் தளர்த்தப் பழகுவது நோயாளியின் வேலை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறை என மெதுவாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் கூடுவதை அவர் கண்ணால் காண முடிகிறது.

இறுக்கத் தலைவலிக்காக இப்பயிற்சி பெற்ற எனக்கு, ஓய்வாக அமர்ந்திருப்பதாக நான் நம்பிய நேரத்திலும் தோள் தசைகள் இறுகியே இருந்ததைத் திரைதான் காட்டிக்கொடுத்தது. எந்த அறிவுரையும் அதைச் செய்திருக்காது. இத்தகைய தலைவலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் இதன் பயன் ஆய்வுகளில் தெரியவந்துள்ள நிலையில், மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவுகள் மருந்துகளுக்குத் துணையாக இப்பயிற்சியை அளிக்கலாம். கருவியின்றித் தாமே செய்யும் அளவுக்கு நோயாளி தேறியதும் கருவிப் பயிற்சியை நிறுத்திக்கொள்ளலாம்.

– வாசகர் ஒருவர்