திரையில் பத்து, கணக்கில் ஐந்து: ஒரு கேம் நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் கேமைப் பணம் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர்,
கொரட்டூர், சென்னை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இந்தியக் கிளை அலுவலகம்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பொருள்: 1.6 பேட்ச்சுக்குப் (கேம் அப்டேட்டுக்குப்) பிறகு 'பவர் ஸ்விங்' டேலண்ட் (கேரக்டருக்கு நாம் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) திரையில் எழுதியிருப்பதற்கு மாறாக வேலை செய்வது, இலவசம் என்று விளம்பரம் செய்த கேரக்டர் ரீசெட்டுக்கு (தேர்ந்தெடுத்த திறன்களை மாற்றி அமைப்பதற்கு) காசு கேட்பது தொடர்பாக.

பார்வை: இதே விஷயமாக நான் அனுப்பிய புகாரும், அதற்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பிய மூன்று பதில்களும்.

ஐயா / அம்மையீர்,

தங்கள் ஃபேன்டஸி ஆர்பிஜி (கேரக்டர்களை உருவாக்கி வளர்த்து ஆடும்) கேமை ரூ. 2,499 கொடுத்து யுபிஐ வழியாக வாங்கினேன். ஜிஎஸ்டி ரசீது கைவசம் இருக்கிறது. தாம்பரத்தில் இருக்கும் என் மச்சானும், வீட்டில் என் தங்கையும் தனித்தனியே ஆளுக்கொரு காப்பி வாங்கியிருக்கிறார்கள். ஆக, ஒரே குடும்பத்திலிருந்து மூன்று காப்பிக்குக் காசு வந்திருக்கிறது. மூவரும் சேர்ந்து நான்கு பேர் கொண்ட பார்ட்டியை நடத்துகிறோம்: என் ஃபைட்டர் (வாள்வீரன்), மச்சானின் விசார்ட் (மந்திரவாதி), தங்கையின் கிளெரிக் (பூசாரி). நான்காவதான ரோக்கையும் (பதுங்கித் தாக்குபவன்) நானே பார்த்துக்கொள்கிறேன், வேறு ஆள் கிடைக்கவில்லை.

கேம் மோசம் என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. மேட்டில் நிற்பவனுக்கும் பள்ளத்தில் நிற்பவனுக்கும் வித்தியாசம் வைத்திருப்பது, எதிரிகள் விசார்டைத் தேடிப்பிடித்து அடிப்பது எல்லாம் அருமை. என் புகார் ஒரே ஒரு எண்ணைப் பற்றியது.

நான் சொல்ல வருவதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். சேவைப் பிரிவில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை என்பதால் இங்கே முதலிலிருந்து எழுதுகிறேன்.

தங்கள் கேமில் அடிப்பதற்கு இருபது முகப் பகடை. விழுந்த எண்ணோடு என் ஃபைட்டரின் 7 சேரும். மொத்தம் எதிரியின் ஆர்மர் (கவச) எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அடி விழும். ஆர்மர் 16 உள்ள எதிரி என்றால் 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பன்னிரண்டு முகங்கள், அதாவது 60 சதவீதம். பெரிய வாளின் டேமேஜ் இரண்டு ஆறுமுகப் பகடை, கூடவே பலத்துக்கு 4. சராசரி 11.

இப்போது 'பவர் ஸ்விங்'. அதன் மேல் கர்சரை வைத்தால் வரும் விளக்கம் இன்றைக்கும் சொல்வது இதுதான்: அட்டாக் ரோலில் 5 குறையும், அடி விழுந்தால் டேமேஜில் 10 கூடும். அதாவது குறி தவற வாய்ப்பு அதிகம், விழுந்தால் இடி. 60 சதவீதம் 35 ஆகிவிடுகிறது. இதைத் தாங்க வேண்டுமானால் அட்வான்டேஜ் வேண்டும், அதாவது பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்கிற சலுகை. அது இருந்தால் 35 என்பது 57.75 ஆகும். விழுந்தால் சராசரி 21 என்பதால், ஓர் அடிக்கு எதிர்பார்க்கக்கூடிய டேமேஜ் 12.13. இந்த டேலண்ட்டைப் பயன்படுத்தாமல் அதே அட்வான்டேஜோடு சாதாரணமாக அடித்தால் 84 சதவீத வாய்ப்பு, டேமேஜ் 9.24. கிரிட்டிக்கலை (அபூர்வமாக விழும் பலத்த அடியை) இதில் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் கதை மாறாது.

இந்த 12.13-ஐ நம்பித்தான் எங்கள் நாலு பேரையும் வடிவமைத்தோம். எதிரி தரையில் விழுந்து கிடந்தால் பக்கத்தில் நின்று அடிப்பவனுக்கு அட்வான்டேஜ் கிடைக்கும் என்பது தங்கள் விதி. அதனால் மச்சான் தனக்குப் பிடித்த நெருப்பு மந்திரங்களை விட்டுவிட்டு, தரையில் எண்ணெய் பரப்பி வழுக்கி விழவைக்கிற பக்கம் போனார். "என்னைப் போய் எண்ணெய்க் கடைக்காரன் ஆக்கிட்டீங்களே மாப்ள" என்று இன்னும் புலம்புகிறார். விழுந்தவனைத் தூரத்திலிருந்து அம்பால் அடிப்பது கஷ்டம் என்பதும் தங்கள் விதிதான், எனவே ரோக்குக்கு வில்லை விட்டு இரட்டைக் குத்துவாள் கொடுத்தேன். தங்கையின் கிளெரிக் கனமான கவசமும் கேடயமுமாக வாசலை மறித்து நிற்பாள், எண்ணெயைச் சுற்றிக்கொண்டு யாரும் வராதபடி. ஒரு டேலண்ட்டை நம்பி நாலு பில்ட், அதாவது நாலு கேரக்டர் அமைப்பு. ஆர்பிஜி ஆடுகிறவர்கள் எல்லோரும் செய்வது இதுதான், இதற்காகத்தான் இந்த வகை கேமையே வாங்குகிறோம்.

பேட்ச் 1.6 வந்தது. அதன் குறிப்பில் இருந்தது ஒரே வரி: 'சில டேலண்ட்களில் சமநிலைச் சீரமைப்பு செய்யப்பட்டது'. எந்த டேலண்ட், எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகுதான் உப்புக் கோட்டையின் வாயில்காவலனோடு சண்டை. ஒரே சேவ் மட்டுமே அனுமதிக்கும் கடினமான மோடில் ஆடிக்கொண்டிருந்தோம், பார்ட்டி மொத்தமாகச் செத்தால் அந்த மோட் போய்விடும். காவலனின் ஆர்மர் 16. மூன்றாவது சுற்று முடிந்ததும் அவன் கதவைத் திறந்து ஆட்களைக் கூப்பிடுவான் என்பதால் அதற்குள் முடிக்க வேண்டும். எண்ணெய் பரப்பினோம், விழுந்தான், அடித்தேன். எனக்கு மூன்று சுற்றில் ஆறு அடி, அதில் மூன்று விழுந்தன. மூன்றாம் சுற்றின் முடிவில் அவனிடம் மிச்சமிருந்த ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 9. கதவு திறந்தது, அப்புறம் நடந்ததை எழுத வேண்டியதில்லை.

காம்பேட் லாக்கை (சண்டையின் கணக்குப் பதிவை) திறந்து பார்த்தேன். படம் இணைத்திருக்கிறேன். முதல் அடி: பகடை 8, பலம் 4, பவர் ஸ்விங் 5, மொத்தம் 17. இரண்டாவது: பகடை 5, பலம் 4, பவர் ஸ்விங் 5, மொத்தம் 14. மூன்றாவது: பகடை 10, பலம் 4, பவர் ஸ்விங் 5, மொத்தம் 19. மூன்றிலும் பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. அட்டாக் ரோலில் கழிக்கும் ஐந்து மட்டும் அப்படியே இருக்கிறது, அதில் சீரமைப்பு எதுவும் இல்லை! எழுதியிருந்தபடி கணக்கிட்டிருந்தால் இன்னும் 15 டேமேஜ் போயிருக்கும். மிச்சம் இருந்தது 9.

இதைவிட எரிச்சலான விஷயம் ஒன்று இருக்கிறது. பத்தை ஐந்தாக்கினால் விழும் அடியின் சராசரி 16. அதை 57.75 சதவீதத்தால் பெருக்கிப் பாருங்கள்: 9.24. டேலண்ட் இல்லாமல் சாதாரணமாக அடித்தால் வருவதும் அதே 9.24. ஆர்மர் 16 உள்ள எதிரியிடம், அட்வான்டேஜோடு, இந்த டேலண்ட்டின் மதிப்பு சுத்தமாகப் பூஜ்ஜியம். அட்வான்டேஜ் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம், சாதாரண அடி 6.6, பவர் ஸ்விங் 5.6. காசு கொடுத்து நஷ்டத்தை வாங்குகிற கதை. நாலாவது லெவலில் இந்த டேலண்ட்டை எடுக்காமல் அந்தப் புள்ளியைப் பலத்தில் போட்டிருந்தால் எனக்கு 10.53 கிடைத்திருக்கும். லெவல் ஏறும்போது தங்கள் திரை என் முன்னால் வைத்த தேர்வு அதுதான். எழுதியிருந்த எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிராயிங்கில் 10 மி.மீ. என்று போட்டுவிட்டு 5 மி.மீ. துளை போட்ட சரக்கை அனுப்பினால், அன்று மாலையே மொத்த லாட்டும் கேட்டுக்குத் திரும்பி வந்து நிற்கும். 'சமநிலைச் சீரமைப்பு' என்று விளக்கம் எழுதி அனுப்ப முடியாது.

இனி தங்கள் சேவைப் பிரிவின் பதில்கள். முதல் பதில், கேமை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னது, கிராபிக்ஸ் டிரைவரையும் புதுப்பிக்கச் சொன்னது. கூட்டல் கணக்குக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை, இருந்தாலும் செய்தேன். ஐந்து ஐந்தாகவே இருந்தது. இரண்டாவது பதில், 'பகடையின் முடிவு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது' என்றது. ஐயா, பகடையில் 5 விழுந்ததைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவர்களுக்கு அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பாடம் வேண்டாம். பவர் ஸ்விங்கின் எண் பகடை அல்ல, அது நிலையான எண். மூன்றாவது பதில்தான் உச்சம்: பில்ட் பிடிக்கவில்லை என்றால் கடையில் 'மறுபிறப்புச் சுருள்' இருக்கிறது, ஒன்று ரூ. 449 என்று சொல்லி லிங்க்கும் அனுப்பியிருந்தார்கள்.

அந்தச் சுருள் ஒரு கேரக்டருக்கு மட்டும். எங்கள் நாலு பேரையும் மாற்ற ரூ. 1,796 ஆகும், கேமின் விலையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. விற்பனைப் பக்கத்திலோ நான் வாங்கிய நாளிலும் சரி, இதை எழுதும் இன்றும் சரி, 'உங்கள் கேரக்டரை எப்போது வேண்டுமானாலும் இலவசமாக மாற்றி அமைக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். பேட்ச் 1.6-க்கு முன்பு முகாமில் இருந்த இலவச ரீசெட் அதே பேட்ச்சில் காணாமல் போனதும், அதே நாளில் கடையில் சுருள் வந்ததும் தற்செயல் என்று சொன்னால் நம்புவதற்கு நான் தயாராக இல்லை.

விதியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் இதே கணக்குத்தான் இருந்தது, 2014 விதிகளில் கனமான ஆயுதத்துக்கு ஐந்து கழித்துப் பத்து கூட்டும் திறமை. 2024 பதிப்பில் அதை எடுத்துவிட்டு வேறு மாதிரி வைத்தார்கள். ஆனால் மாற்றியதை அச்சில் போட்டார்கள், பழைய விதிப்படி ஆட நினைப்பவர் கையிலிருந்து யாரும் பழைய புத்தகத்தைப் பிடுங்கவில்லை. டயாப்லோ 2 என்ற கேம் வெளிவந்தது 2000-இல். ஸ்கில் புள்ளியைத் தப்பாகப் போட்டவர்கள் கேரக்டரையே தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆட வேண்டியிருந்தது. பத்து வருடம் கழித்து, 2010-இல், பேட்ச் 1.13-இல் ரீசெட்டைக் கொண்டுவந்தார்கள், ஆரம்பத்திலேயே வரும் ஒரு குவெஸ்ட்டின் பரிசாக. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-இல் முகாமிலேயே ஓர் எலும்புக்கூட்டு ஆசாமி நிற்பார், கேமுக்குள் சம்பாதித்த 100 தங்கக் காசைக் கொடுத்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றித் தருவார். தாங்கள் மட்டும் இருந்த வசதியை எடுத்துவிட்டுச் சுருளுக்கு விலை போட்டிருக்கிறீர்கள்.

எனக்கு வேண்டியவை இவை. பவர் ஸ்விங்கைப் பத்துக்குத் திருப்புங்கள், அல்லது ஐந்துதான் என்றால் விளக்கத்தில் ஐந்து என்று எழுதுங்கள். இரண்டில் எது செய்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் ஐந்து என்று முடிவு செய்தால், பேட்ச்சுக்கு முன்பு உருவான எல்லாக் கேரக்டர்களுக்கும் ஒரு முறையாவது இலவச ரீசெட் தர வேண்டும், டேலண்ட் எடுத்தவருக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது. ஏனென்றால் எண்ணெய் மந்திரம் எடுத்த விசார்டும் வில்லைத் துறந்த ரோக்கும் இதே டேலண்ட்டுக்காகத்தான் அப்படி ஆனார்கள். நாங்கள் இழந்த கடினமான மோடை, வாயில்காவலனுக்கு முந்தைய நிலையிலிருந்து மீட்டுத் தர வேண்டும். சேவ் தங்கள் சர்வரில்தான் இருக்கிறது, முடியாது என்று சொல்ல வேண்டாம். அவசரப்பட்டு என் தங்கை வாங்கிய ஒரு சுருளின் ரூ. 449-ஐ அவர் கணக்குக்குத் திருப்ப வேண்டும். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் 'இலவசமாக' என்ற சொல்லை நிறைவேற்றுங்கள் அல்லது நீக்குங்கள்.

இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர்ப்பு அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும் நியாயமற்ற வணிக நடைமுறையையும் கண்டிக்கிறது. நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கவும் வழி வைத்திருக்கிறது. இவ்வளவு சிறிய தொகைக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், அதற்கும் பலன் இல்லையென்றால் ஆணையத்துக்குப் போவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எந்த வரிசையில் போகப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

பதில் எழுதுகிறவர் தயவுசெய்து இணைப்பில் உள்ள லாக்கின் மூன்று வரிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும். டிரைவரை நான் ஏற்கெனவே புதுப்பித்துவிட்டேன்.

இப்படிக்கு,
கொரட்டூர் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜிஎஸ்டி ரசீது, டேலண்ட் விளக்கத்தின் படம், காம்பேட் லாக்கின் படம், விற்பனைப் பக்கத்தின் இரண்டு படங்கள், சுருள் வாங்கிய யுபிஐ ரசீது, சேவைப் பிரிவின் மூன்று பதில்கள்.