கொம்பேறி மூக்கனுக்கு விஷம் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பாம்புகளைப் பற்றி வந்த பக்கத்தில் கொம்பேறி மூக்கன் படத்தைப் போட்டு, அதன் கீழே ‘கொடிய விஷமுள்ளது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படம் சரியான படம்தான், எழுதியதுதான் முழுத் தவறு. கொம்பேறி மூக்கனுக்கு விஷம் கிடையாது, விஷப்பல்லும் கிடையாது. கையில் பிடித்து இம்சை செய்தால் கடிக்கும், அவ்வளவுதான். சின்னச் சின்னக் கீறல் விழும், கொஞ்சம் ரத்தம் வரும், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கடித்துவிட்டு, அந்த ஆளை எரிக்கிறார்களா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்ற கதையைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் குறைவு. இந்தக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்பதை அந்தப் பாம்பைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே ஊகிக்கலாம் என்று நினைக்கிறேன். ஆள் அரவம் தெரிந்ததும் விருட்டென்று மரமேறிவிடும், ஏறிய பிறகு மேல் கிளையில் நின்று தலையை நீட்டி நம்மையே பார்க்கும். பகலில் இரை தேடுகிற பாம்பு, அதனால் கண்ணும் பெரிது, வட்டமான கண்மணி. பார்க்கிறது, உண்மைதான், ஆனால் அது பார்ப்பது நாம் போய்விட்டோமா என்று.

பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும் அழகு தனி. முதுகு முழுக்க வெண்கல நிறம், வயிறு வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை. பயந்தால் கழுத்தை உப்பிக் காட்டும், அப்போது செதில்களுக்கு நடுவிலிருந்து இளநீலம் பளிச்சென்று வெளியே வரும், அடங்கியதும் மறைந்துவிடும். அதைத்தான் விஷத்தின் அறிகுறி என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அடிவயிற்றுச் செதில்கள் இரண்டு ஓரமும் மடிந்து விளிம்பு கட்டியிருக்கும், மரப்பட்டையின் சொரசொரப்பில் அந்த விளிம்பு பிடித்துக்கொள்வதால்தான் செங்குத்தான மரத்திலும் சறுக்காமல் ஏறுகிறது. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வால். உடம்போ விரல் தடிமன்தான்.

ஓணான், பல்லி, தவளை, சில நேரம் பறவை முட்டை, இவைதான் இரை. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். இரவில் மெல்லிய கிளையில் சுருண்டு தூங்கும். இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் என்று பரவலாக, காட்டிலும் காட்டை ஒட்டிய தோப்புகளிலும் இருக்கிறது. 1803-லேயே அறிவியல் பெயர் கிடைத்துவிட்ட பாம்பு இது. இதே பேரினத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் 2011-ல் கூடப் புதிதாக ஓர் இனத்தை விவரித்தார்கள். இத்தனை காலமாகத் தெரிந்த பாம்புக்கு இன்னும் ‘கொடிய விஷம்’ என்று நாமே பட்டம் கட்டினால் எப்படி?

எனக்குக் கோபம் வருவது இதனால்தான்: அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, மரத்தில் தன் பாட்டுக்குக் கிடக்கிற பாம்பைக் கல்லால் அடித்துக் கீழே தள்ளுவார்கள். இன்னொரு பக்கம், நம் நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளுக்குப் பெரும் காரணமான நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அடையாளம் சொல்ல உங்கள் பக்கத்தில் இடமே ஒதுக்கவில்லை. கடித்தது எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வெட்டுவது, கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் இரண்டு வரியாக வேண்டாம், அதே படத்தோடு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். அப்புறம், அந்த நான்கு பாம்புகளின் படங்களையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்