வளவு வெளிச்சம்

அன்புள்ள ஆத்தா,

ஆறு வருஷம் கழித்து உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி. "சார், என் வகுப்புப் பிள்ளைகள் செல்ஃப் போர்ட்ரெய்ட் வரையணும், ரெஃபரன்ஸ் போட்டோ எப்படி எடுக்கச் சொல்றது?" நல்லாயிருக்கீங்களா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. சரி, வேலைக் கேள்விக்கு வேலைப் பதில். தனியாக எழுத உட்கார்ந்தால் வேறு எதையாவது எழுதிவிடுவேன் என்றுதான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் வீட்டு வாசல் நிலையைக் கழற்றிவிட்டார்கள். உனக்குச் சொல்லியிருப்பார்கள்.

முதலில் செல்ஃபியை நிறுத்தச் சொல். கையை நீட்டினால் முகத்துக்கும் போனுக்கும் ஐம்பது அறுபது சென்டிமீட்டர்தான் இருக்கும். அவ்வளவு கிட்டத்தில் மூக்கு வீங்கும், காது பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். பிள்ளை அதை அப்படியே வரைந்துவிட்டு, தனக்கு வரையவே வராது என்று அழும். போனை ஸ்டூல் மேல் புத்தகம் அடுக்கிக் கண் மட்டத்துக்கு நிறுத்தி, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கட்டும். பின்பக்கக் கேமரா, இரண்டு மடங்கு ஜூம், பத்து நொடி டைமர். பியூட்டி மோடு தோலின் மடிப்பைத் துடைத்துவிடும், ஹெச்டிஆர் நிழலை வெளுக்கவைக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும். மடிப்பும் நிழலும்தானே நமக்குச் சரக்கு.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். டியூப்லைட், ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். ஜன்னலுக்குச் சாய்வாக, நாற்பத்தைந்து டிகிரியில் முகத்தைத் திருப்பினால் மறுபக்கக் கன்னம் நிழலுக்குப் போய், கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு துண்டு வெளிச்சம் மட்டும் நிற்கும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று திட்டுகள் பிரிந்து தெரிய வேண்டும். பிரியவில்லையென்றால் சார்க்கோல் கரியை எடுத்துப் பிரயோஜனமில்லை. நிழல் முழுக் கறுப்பாக விழுந்தால், அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையைச் சாய்த்து வை.

இதெல்லாம் உங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவில், முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தில்தான், எனக்கே சரியாகப் பிடிபட்டது. மாசி மாதம், காலை எட்டரை. முற்றத்து விளிம்பிலிருந்து ஒரு தூண் உள்ளே தள்ளி நிற்கவைத்தேன். வெயில் உச்சிக்கு ஏறினால் கண்குழி இரண்டும் கிணறாகிவிடும்; அதற்குள் உங்கள் வகுப்பு ஒன்பது பேரையும் எடுத்தாக வேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு கீழேயிருந்து வெளிச்சத்தைத் திருப்பியடித்து, தாடைக்கு அடியில் விழுகிற நிழலைத் தின்றுகொண்டிருந்தது. உன் அப்பத்தாதான் பழைய சமுக்காளத்தைக் கொண்டுவந்து விரித்தார்கள். நிழல் பட்டென்று உட்கார்ந்தது.

எல்லாரும் கோபம், பயம் என்று நாடக முகம் காட்டினார்கள். மூன்று நாலு நொடிக்கு மேல் பிடித்துவைத்த முகம் செத்துப்போகும். வாய் அப்படியே இருக்கும், கண் தளர்ந்துவிடும். அதனால்தான் கண்ணை மூடு, மூச்சை விடு, நினைப்பு வந்ததும் திற என்று சொல்லிக்கொடுத்தேன். திறக்கிற நேரத்தில் தொடர்ச்சியாகப் பத்துப் படம்.

நீ மூடினாய். வீட்டுக்கு உள்ளே, இரண்டாம் கட்டுப் பக்கம் பேச்சு உரத்தது. என்ன பேச்சு என்று இங்கே எழுத மாட்டேன், பங்காளிகளும் படிப்பார்கள். பிறகு நீ கண்ணைத் திறந்தாய்.

நான் "அசையாதே" என்றேன். ஸ்டூலிலிருந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரடி கிட்டே வந்தேன்.

நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் உன் புருவத்தின் உள்முனை இரண்டும் மேலே ஏறி, நெற்றி நடுவில் மட்டும் குறுக்குச் சுருக்கம் விழுந்திருந்தது. துயரத் தசைகள் என்று டார்வின் 1872இல் எழுதியது அதைத்தான். நினைத்தபோது அசைக்கப் பெரும்பாலானவர்களுக்கு வராது. வாத்தியார் வேலை பார்க்கிறவன் அதைக் கண்டால் விடுவானா? இது சமாதானம்தான், தெரியும். மன்னித்துக்கொள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் நாற்பது படத்தில் அதைத்தான் வரைய வேண்டும் என்று உன் கையைப் பிடித்தேனா? நீதானே ஏ3 தாளில் இரண்டு வாரம் தேய்த்துத் தேய்த்து வரைந்தாய்? பரிசு வந்தபோது மேடைக்கு வராமல் என்னைத் தனியாக நிற்கவைத்தாய். பதினாறு வயசுப் பிள்ளை, சார் அடுக்கின் மேலே எடுத்துவைத்த படத்தைத்தான் எடுக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம்.

உன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்: பொத்தானை அவரவர்தான் அழுத்த வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கட்டும். ஐம்பது எடுத்து, அவர்களே கழித்து, இரண்டை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். மீதி எதையும் யாரும் கேட்கக் கூடாது. அழுத முகம்தான் உணர்ச்சி என்பதும் பொய். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630இல் கண்ணை விரித்து, வாயைத் திறந்து, தன்னையே செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த எச்சிங் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கண்ணாடி முன்னால் நின்று கோமாளித்தனம் பண்ணியதுதான் அது.

அச்சு ஏ4இல், கறுப்பு வெள்ளையில். படத்தைப் பார்த்துப் பெரிசாக வரையக் கட்டம் போட வேண்டும்; அதற்காக வரைதாளை மடித்துவிடப் போகிறார்கள்; மடிப்பில் கரி தங்கிக் கோடாகத் தெரியும். செய்தித்தாளில் தாளின் அகலத்துக்கு ஒரு நாடா வெட்டி, அதை மூன்று முறை மடித்தால் எட்டுச் சம பாகம். நீளத்துக்கு இன்னொரு நாடா. படத்திலும் தாளிலும் இப்படியே குறித்தால் கணக்கே வேண்டாம். பல்லைத் தனித்தனியாக வரையவிடாதே, சோளக்கதிர் மாதிரி ஆகும். பல்வரிசை மொத்தமும் ஒரே வெளிர்த் திட்டு.

அன்று எடுத்த போட்டோக் கோப்புகளை நேற்று அழித்துவிட்டேன். நீ வரைந்தது மட்டும் பட்டர் பேப்பர் போர்த்தி, தட்டையாக என்னிடம் இருக்கிறது. சுருட்டினால் கரி உதிரும், தபாலில் அனுப்ப மனசில்லை. நீ வருவாயா, இல்லை யாரிடமாவது கொடுத்தனுப்பவா?

பட்டாலைக் கூடத்தில் இருந்த அந்தப் பெல்ஜியம் கண்ணாடி யார் பங்குக்குப் போயிற்று?

உன் டிராயிங் சார்