தட்டில் ஏன் கிழங்கு இல்லை

லீட்ஸ், இங்கிலாந்து
28.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணன், மதினி, பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னக்குட்டிதான் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். நடுவில் சிரிக்காமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

கிறிஸ்மஸ் அன்று வீடியோவில் என் தட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் அழுதது மூன்று நாளாக மனதை விட்டுப் போகவில்லை. "இத்தனை பெரிய விருந்தில் என் பிள்ளைக்கு மட்டும் நாலு இலையைப் போட்டு வைத்திருக்கிறார்களே" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கே சிக்னல் போய்விட்டது. மறுபடி எடுத்தபோது அண்ணன், "அம்மா படுத்துவிட்டார்" என்றான். நீங்களாவது படுப்பதாவது. லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து அடுத்த காம்பரா அக்காவிடம், என் மகள் வெள்ளைக்காரன் நாட்டில் பட்டினி கிடக்கிறாள் என்று சொல்லி முடித்திருப்பீர்கள். விடியுமுன், எல்லோரும் கூடுகிற பிரட்டுக்களம் வரைக்கும் செய்தி போயிருக்கும்.

என்னை யாரும் பட்டினி போடவில்லை அம்மா. கிழங்கு வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். கிறிஸ்மஸ் நாளில் இங்கே ரயில் ஓடாது, பஸ்ஸும் இல்லை. நாற்பது நிமிடம் நடந்துதான் வேலைக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு சனம் இல்லை. முதியோர் இல்லத்தில் எல்லோர் தலையிலும் காகிதக் கிரீடம். பகல் ஒரு மணிக்குச் சாப்பிடுவதை இந்த ஊரில் டின்னர் என்கிறார்கள், ஏனென்று கேட்காதீர்கள். பெரியவர்களுக்குப் பரிமாறிவிட்டு, நாங்களும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு.

வான்கோழியை நான் சின்னத் தாத்தாவின் கதையில்தான் கேட்டிருக்கிறேன். துரை பங்களாக் குசினியில் டிசம்பர் மாதம் அதைச் சுடுவதற்குள் விடிந்துவிடும் என்பாரே. இப்போது தின்றும் பார்த்தாயிற்று. தோல் நன்றாக இருக்கிறது. நெஞ்சுக்கறி வைக்கோல். ஒரு கரண்டி கட்டச் சம்பல் இருந்திருந்தால் அந்தக் கோழியும் கரை சேர்ந்திருக்கும்.

அதைச் சுற்றி வந்ததெல்லாம் மாவும் சீனியும்தான். எண்ணெயில் முறுகச் சுட்ட உருளைக்கிழங்கு. யோர்க்‌ஷயர் புடிங் என்று ஒன்று. பெயரைக் கேட்டால் இனிப்பு போலிருக்கும், ஆனால் மாவும் முட்டையும் பாலும் அடித்து ஊற்றிச் சுட்டது, ஆப்பச்சட்டியில் கைதவறி ஊதிப்போன ஆப்பம்போல இருக்கும். தேன் ஊற்றி வதக்கிய ஒரு வெள்ளைக் கிழங்கு. பாணை ஊறவைத்துச் செய்த ஒரு சோஸ்கூட உண்டு. கடைசியில் உலர்ந்த திராட்சையும் கொழுப்பும் சேர்த்து அவித்த கறுப்பு புடிங்மேல் பிராந்தியை ஊற்றி நெருப்பு வைத்தார்கள். நீலமாக எரிந்தது. மாடசாமி கோயில் சூடம் ஞாபகம் வந்து, கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை உயர்ந்துவிட்டது.

நான் எடுத்தது கறி, சொசேஜ், சிவப்புக் கோவா, குட்டிக் கோவா, மேலே கொஞ்சம் குழம்பு. நீங்கள் வீடியோவில் பார்த்த "நாலு இலை" அந்தக் குட்டிக் கோவாதான். கோலிக்குண்டு அளவுதான் இருக்கும், உள்ளே பிளந்தால் நம் தோட்டத்துக் கோவாவேதான். வெண்ணெயில் வதக்கியிருந்தார்கள், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். பிறகு சீஸ், செலரி. புடிங்குக்குப் பதிலாக ஒரு கரண்டி கிரீமும் நாலைந்து ராஸ்பெரியும். இதைப் பட்டினி என்றால் செத்துப்போன என் அப்பாயி எழுந்து வந்து சிரிக்கும்.

இனிமேல் எழுதப் போவதற்காகத்தான் போனை விட்டுக் கடிதத்துக்கு வந்தேன். செப்டம்பரில் இங்கே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது. 48ஐத் தொட்டாலே சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. எனக்கு 50. மறுபடி எடுத்தபோது 49. உங்கள் கிளினிக் கொப்பியில் நூற்றுவீதமாக எழுதுவார்களே, அந்தக் கணக்கில் முதல் தடவை 6.7. எனக்கு வயது 38.

அழாதீர்கள். சின்னக்குட்டி, உன் அப்பாயியை அழ விடாதே.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் கால்தான் கண்ணில் வந்தது. மலையில் அட்டை கடித்த புண்ணுக்குச் சுண்ணாம்பு தடவினோம், புகையிலை வைத்தோம், ஆறு கிழமையாகியும் ஆறவில்லை. சீனி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. இரண்டு விரலோடு போயிற்று என்று ஆறுதல் பட்டுக்கொண்டோம். அதற்குப் பிறகும் அப்பா இடது உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நுனிநாக்கால் தொட்டுத் தொட்டுச் சாயத் தண்ணீர் குடித்தார். தேத்தண்ணீருக்குள் போட்டால்தான் கெடுதல், கையில் வைத்தால் இல்லை என்று அவருக்கு ஒரு கணக்கு.

இங்குள்ள நர்ஸ் என்னிடம் ஒரு படத்தைக் கொடுத்தார். சவுத்போர்ட் என்ற கடலோர ஊரில் டேவிட் அன்வின் என்று ஒரு குடும்ப வைத்தியர் இருக்கிறார். எந்தச் சாப்பாடு இரத்தத்தில் எத்தனை தேக்கரண்டி சீனிக்குச் சமமாக வேலை செய்யும் என்று அவர் போட்ட கணக்கு அது. 150 கிராம் வெள்ளைச் சோறு ஏறக்குறைய 10 தேக்கரண்டி. 150 கிராம் என்பது நம் வீட்டில் பூனைக்கு வைக்கிற சோறு. கொழுந்து எடுத்துவிட்டு வந்து நாம் போட்டுக்கொள்ளும் தட்டை நினைத்துப் பாருங்கள். ரொட்டியும் அப்படித்தான்; கோதுமை மா 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்துத்தான். காலையில் ரொட்டி, பகலில் ரொட்டி, இரவில் சோறு, நடுவில் பாண், ஒவ்வொன்றுக்கும் சீனித் தேத்தண்ணீர். மலை ஏறி இறங்கிய காலத்தில் உடம்பு அதை எரித்தது. நான் இங்கே ஏறுவது லிப்டில்.

ஆகவே ஒரு நாளைக்கு 100 கிராம் மாச்சத்துக்குள் நிற்கிறேன். 130க்குக் கீழே இருந்தாலே குறைந்த மாச்சத்துச் சாப்பாடு என்கிறார்கள். காலையில் இரண்டு முட்டையும் கீரையும். டின்மீன் குழம்பு வைக்கிறேன். பூக்கோவாவைத் துருவி வதக்கிச் சோறுபோலப் போட்டுக்கொள்கிறேன். சோறு என்று நினைத்தால் ஏமாற்றம், சுண்டல் என்று நினைத்தால் நன்றாகவே இருக்கும். சம்பல் அரைத்துவிட்டு ரொட்டி இல்லாமல் நின்ற முதல் நாள்தான் கண் கலங்கியது. மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்திருக்கிறது. என் முகம் வற்றியதாக நீங்கள் சொன்னது அதனால்தான்.

எனக்கு எரிச்சல் தருவது வேறு விஷயம். கோவாவையும் கரட்டையும் நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து பயிரிட்டவர்களில் ஒருவர் 1840களின் கடைசியில் அங்கே பண்ணை வைத்த சாமுவேல் பேக்கர். அன்றைக்குத் தொடங்கியது, இன்றும் லொறி லொறியாகக் கோவா, லீக்ஸ், போஞ்சி எல்லாம் நம் வாசலைத் தாண்டித்தான் கொழும்புக்கு இறங்குகின்றன. நம் தட்டில் மட்டும் ஒரு மலை சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி கோவாவும். இங்கே வந்து, கடையில் காசு கொடுத்து வாங்கித் தின்னும்போதுதான் எனக்கு இது உறைக்கிறது.

விருந்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு வயது 87. உலக யுத்தம் முடிந்தும் இந்த நாட்டில் 1954 வரை கூப்பன் சாப்பாடுதான். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு முட்டை கிடைத்த காலத்தில் வளர்ந்தவர் அவர். என் தட்டை உற்றுப் பார்த்தார், நீங்கள் பார்த்ததைப் போலவே. பிறகு நடுங்கும் கையால் தன் தட்டிலிருந்து ஒரு கிழங்கை முள்ளுக்கரண்டியில் குத்தி என் தட்டில் வைத்து, "தின்னு பிள்ளை, இதெல்லாம் எப்போதும் கிடைக்காது" என்றார். 1973, 74 பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்குத் தோலைக்கூட அவித்த கதையைச் சொல்லிக்கொண்டே என் அப்பாயி நம் வாயில் சோற்றை அடைக்குமே, அதே கண். சீனிக் கணக்கை யாரிடம் போய்ச் சொல்வது? தின்றேன். மேலே முறுகலாகவும் உள்ளே மாவாகவும் இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு தின்ற கிழங்கு, பொய் சொல்லமாட்டேன், அமிர்தம்.

இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன். இங்குள்ள கணக்கில் 8.6, நம் ஊர்க் கணக்கில் 155. சாப்பிடுமுன் 5.9தான் இருந்தது. கிழங்கின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. சிவப்புக் கோவாவில் சீனி போட்டிருக்கிறார்கள், குழம்பு மா கரைத்தது, நான் நம்பித் தின்ற சொசேஜுக்குள் ரஸ்க் தூள் என்று சமையல்காரர் பிறகு சொல்கிறார். விருந்துச் சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாவை விலக்கலாம், கரைந்து கிடப்பதை என்ன செய்வது. அடுத்த நாள் வழக்கம்போல முட்டையும் கீரையும்.

அம்மா, இதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள். என்னைப் பார்த்து நீங்கள் சோற்றை நிறுத்திவிட வேண்டாம். நான் மாத்திரை எதுவும் போடுவதில்லை. மார்ச்சில் மறுபடி இரத்தம் எடுத்துத்தான் பார்ப்பார்கள். நீங்கள் காலையில் சாப்பாட்டுக்கு முன் போடும் கிளிக்லசைட் என்ற சீனி மாத்திரை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கும். அதைப் போட்டுவிட்டுச் சோற்றை வெட்டினால் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுவீர்கள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும்போது, சோற்றைக் குறைக்கலாமா, மாத்திரையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று டொக்டரிடம் அண்ணன் கேட்கட்டும். அதுவரை கோவாவைக் கூட்டிப் போடுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பொங்கலுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். தீபாவளி முற்பணம் இன்னும் சம்பளத்தில் கழிந்துகொண்டிருக்கும், புதிதாகக் கடன் வாங்க வேண்டாம். சர்க்கரைப் பொங்கலில் என் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சித்திரைக்கு லீவு கிடைத்தால் வருவேன். அப்போது ஒரே ஒரு ரொட்டி சுடுங்கள், விறகடுப்பில். பாதி எனக்கு, பாதி உங்களுக்கு.

சிவனொளிபாத மலைக்கு சீசன் தொடங்கிவிட்டது. இரவில் பீலிக்கரையில் நின்றால் விளக்கு வரிசை தெரியும். சின்னக்குட்டி ஒரு படம் எடுத்து அனுப்பட்டும்.

இந்தக் கடிதத்தை நம் ராகலை மாமா கையில் கொடுத்துவிடுகிறேன். மூன்றாம் தேதி புறப்படுகிறார். வந்தவுடன் தேத்தண்ணீர் கேட்பார். அவருக்கும் சீனி வருத்தம்தான், கேட்டால் இல்லை என்று சாதிப்பார். வெறும் சாயம் கொடுங்கள். கையில் சீனி கேட்டால் முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்