தனியாகப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். கூட வருகிறோம் என்று சொன்ன மூன்று பேரும் கழன்றுகொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஏர்சாஃப்ட் ஆட்டத்துக்கு, அதாவது இரண்டு அணியாகப் பிரிந்து பிளாஸ்டிக் குண்டு சுட்டு விளையாடுகிற அந்த ஆட்டத்துக்கு, நான் மட்டும் போய் நின்றால் அசிங்கமாக இருக்காதா அக்கா என்றாய். "போடா, ஒன்றும் ஆகாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் அது பதிலே இல்லை என்று உறைத்தது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆட ஆரம்பித்த முதல் இரண்டு வருடம் நானும் தனியாகப் போனதில்லை. நாங்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் ஒத்துவருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். பிடித்த பிறகு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருத்தி பின்வாங்குவாள். உடனே மற்றவர்களும் "சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்தக் கணக்கில் இரண்டு வருடத்தில் நான் ஆடியது ஐந்தே தடவை. துப்பாக்கியைத் துடைத்த நேரம் அதைச் சுட்ட நேரத்தைவிட அதிகம்.

ஆறாவது தடவையும் அப்படித்தான் ஆகவிருந்தது. கோபத்தில் கிளம்பிப் போய்விட்டேன்.

போய்ச் சேர்ந்த முதல் அரைமணி நேரம் கொடுமை, அதை மறைக்க மாட்டேன். சேஃப் ஜோனில், அதாவது யாரும் சுடக்கூடாத ஓய்விடத்தில், எல்லோரும் கும்பல் கும்பலாக மேஜையைப் பிடித்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ஓரத்தில் நின்று, ஏற்கெனவே குண்டு நிரப்பிய மேகசின்களை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்து, மறுபடி வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. தனிமை என்று நீ பயப்படுகிறாயே, அது ஆட்டக்களத்தில் இல்லை. ஆட்டங்களுக்கு நடுவே வரும் இடைவேளையில்தான் இருக்கிறது. விசில் ஊதிய பிறகு யாருக்கும் யாரும் துணை வந்தார்களா என்று பார்க்க நேரமில்லை. கையில் கட்டிய பட்டையின் நிறம் ஒன்றாக இருந்தால் போதும்.

அந்த முதல் ஆட்டத்தில் ஒரு பிளைவுட் மறைப்புக்குப் பின்னால் போய் விழுந்தேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் மண்டியிட்டிருந்தார், வயதில் என்னைவிட ரொம்பப் பெரியவர். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு விரலைக் காட்டி, இடது பக்கம் கையை நீட்டினார். இரண்டு பேர், இடது பக்கம். நான் தலையாட்டினேன். அவர் மறைப்பின் மேல் ஓரமாக நாலைந்து குண்டு சுட, எதிரில் இருந்தவர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள, அந்த இடைவெளியில் நான் குனிந்து ஓடி அடுத்த மறைப்புக்குப் போய்விட்டேன். எங்கள் நால்வர் கும்பல் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இதைச் செய்ததில்லை. நாங்கள் ஓடினால் நான்கு பேரும் சேர்ந்து ஓடுவோம், எல்லோரிடமும் அந்தச் சக்கரம் சுற்றும் பெரிய மேகசின், கிலுகிலுப்பைக்கடை நகர்ந்து வருகிற மாதிரி சத்தம் கேட்கும். அந்தப் பெரியவர் கொஞ்ச நேரத்தில் குண்டு பட்டுவிட்டது என்பதற்கு "ஹிட்" என்று கத்தி, அவுட் என்று காட்டும் சிவப்புத் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். இடைவேளையில் அவராகவே வந்து, "அந்த ஓட்டம் நல்லா இருந்தது" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

நண்பர்களோடு போவது தப்பு என்று சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிறவனை இருபது அடி தூரத்தில் முதுகுப்பக்கமாகப் பிடித்து, அவன் திரும்பிப் பார்க்கும்போது அந்த முகம் போகும் போக்கு இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே பேசிச் சிரிக்கலாம். தனியாகப் போனால் அந்தக் கதையைக் கேட்க ஆள் இல்லாமல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வர வேண்டும். (அதனால்தான் உனக்கு ஞாயிறு ராத்திரிகளில் அவ்வளவு நீளமாகச் செய்தி அனுப்புகிறேன்.)

ஆனால் கும்பலாகப் போவதில் யாரும் வெளியே சொல்லாத ஒரு கோளாறு உண்டு. பெயிண்ட்பால் மாதிரி இதில் சாயம் ஒட்டாது. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டை, எடை 0.20 கிராமோ 0.25 கிராமோதான். பட்டுத் தெறித்துப் புல்லுக்குள் போய்விடும். பட்டதா இல்லையா என்பது பெரும்பாலும் பட்டவருக்கு மட்டும்தான் தெரியும். அவரே கையைத் தூக்கி "ஹிட்" என்று சொல்லி வெளியேற வேண்டும். ஆட்டம் மொத்தமும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஓடுகிறது.

எங்கள் நால்வரில் ஒருவனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவே வராது. ஒரு நாள் அவன் பையில் பட்டென்று பட்ட சத்தம் எனக்கே கேட்டது. அந்தக் களத்தில் உடம்போடு சுமக்கிற எதில் பட்டாலும் கணக்குத்தான் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். அவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தான். இடைவேளையில் சுட்ட பையன் வந்து பொறுமையாகக் கேட்டான். இவன் "மரத்தில் பட்டிருக்கும்" என்றான். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். அந்தப் பையன் நான்கு முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டான். நான் கேட்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. சிநேகிதத்துக்காக. இன்றைக்கும் அதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

தனியாகப் போகும்போது முட்டுக்கொடுக்க ஆள் கிடையாது. யாருக்கும் உன்னைத் தெரியாது, நீ எப்படிப்பட்டவன் என்பதற்கு அன்றைக்கு உன் "ஹிட்" மட்டும்தான் சாட்சி. அதனாலோ என்னவோ, சந்தேகமாக இருந்தால்கூடக் கை தானாக மேலே போய்விடுகிறது.

எச்சரிக்கையும் அப்படித்தான். கும்பலில் விளையாட்டுப்புத்தி தலைக்கேறும். எங்கள் ஆள் ஒருத்தி காகிள்ஸில் ஆவி படிந்துவிட்டது என்று களத்துக்கு நடுவிலேயே அதை நெற்றிக்குத் தூக்கிவிட்டாள், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆட்டத்தை மேற்பார்க்கிற மார்ஷல் கத்திய கத்தலில் ஆட்டமே நின்றது. அவர் கத்தியது சரி. 0.20 கிராம் உருண்டை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 1 ஜூல். தோலில் பட்டால் சிவந்து தடிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். ஆவி படிந்தால் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற மார்ஷலைக் கூப்பிட்டு, அவர் சொல்கிறபடி வெளியே வா. களத்தில் எதற்காகவும் கழற்றாதே.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். போனதும் நேராகக் குரோனோ வரிசையில் போய் நில். துப்பாக்கியின் வேகத்தை அளக்கிற அந்த இடம்தான் தனியாக வருகிறவர்களுக்குக் கிடைத்த திண்ணை. உனக்கு முன்னால் நிற்கிறவரிடம் "எத்தனை கிராம் போடுகிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேள். அப்புறம் நீ பேச வேண்டியதே இருக்காது, குண்டைச் சுழலவிடுகிற ஹாப்-அப்பை எப்படித் திருகினால் குண்டு நேராகப் போகும் என்பதிலிருந்து பேட்டரிவரை அவரே பேசி முடிப்பார். இந்த விளையாட்டுக்காரர்களை ஊமையாக்குவதுதான் கஷ்டம். மார்ஷலிடமும் "தனியாக வந்திருக்கிறேன், புதுசு" என்று சொல்லிவிடு. நிறைய பேர் கௌரவம் பார்த்து இதைச் சொல்வதில்லை. சொன்னால் விஷயம் தெரிந்த ஆளுக்குப் பக்கத்தில் போடுவார்கள்.

ஒரு கெட்ட செய்தியும் இருக்கிறது. சில நாள் எதிர்ப்பக்கம் முழுக்க ஒரே குழுவாக வந்தவர்கள் இருப்பார்கள், காதில் வாக்கி-டாக்கி, ஒரே மாதிரி உடை. உன் பக்கம் உன்னைப் போல உதிரியாக வந்தவர்கள். காலை முழுக்க அடி வாங்குவீர்கள். எனக்கு அப்படி இரண்டு நாள் ஆகியிருக்கிறது, ஒரு நாள் மதியமே கிளம்பி வந்துவிட்டேன். இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு, ஆட்களைக் கலந்து போடச் சொல்லி மார்ஷலிடம் கேள். பெரும்பாலும் அவர்களுக்கே அந்த யோசனை வந்திருக்கும்.

அப்புறம், கடன் கேட்க ஆள் இருக்காது என்பதால் எல்லாம் இரண்டாக எடுத்துக்கொள். பேட்டரி இரண்டு, மேகசின் ஒன்று கூடுதல், காகிள்ஸ் துடைக்கத் துணி, கால் பிசகினால் சுற்ற ஒரு கட்டுத்துணி. எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ, சொல்லாமல் போய்விட்டுச் சித்தி என்னிடம் போன் போடும்படி செய்யாதே.

அந்த மூன்று பேர் அடுத்த மாதம் வருகிறோம் என்றால் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போ. ஒன்று மட்டும் செய்து பார்: பாதி ஆட்டங்களுக்கு எதிர்ப்பக்கப் பட்டையை நீ கேட்டு வாங்கிக்கொள். நான் இப்போது என் கும்பலோடு போனால் அப்படித்தான் ஆடுகிறேன். அந்த "ஹிட்" சொல்லாத ஆள் இன்னும் வருகிறான். போன தடவை அவனைச் சுட்டது நான்தான். நின்று என்னை ஒரு நொடி பார்த்தான், அப்புறம் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

என் பழைய காகிள்ஸை நாளைக்கு அனுப்பி வைக்கிறேன். உன்னுடையதில் காற்றோட்டம் போதாது, அதனால்தான் ஆவி பிடிக்கிறது. இதன் பட்டை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, தலையைக் குனிந்து உதறிப் பார்த்துவிட்டு இறுக்கிக்கொள். சனிக்கிழமை ராத்திரி பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு அப்படியே தூங்கிவிடாதே. அது லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, சார்ஜ் ஏறும்வரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கழற்றி வைத்ததும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு, எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா